தொடர்மாடியின் லைட் பில்: செலவு யாருக்கு, மிச்சம் யாருக்கு?

கண்டி நகரில் வீடு கட்டக் காணி இல்லை. இருக்கிற காணிக்கு விலை சொல்லவே வாய் கூசுகிறது. அதனால்தான் குளக்கரையிலிருந்து தலாத்துஓயா போகும் பாதையில் அம்பிட்டிய வரைக்கும் மலைச்சரிவை வெட்டி மூன்று மாடி, நாலு மாடி என்று எழுப்பி, ஆறு வீடு, பத்து வீடு, பன்னிரண்டு வீடு என்று வாடகைக்கு விடும் வழக்கம் வளர்ந்தது. நம்மவர்களில் பலர் கடையில் மிச்சம் பிடித்த பணத்தை இப்படித்தான் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொத்து, முதுமைக்கு வாடகை. குடியிருப்பவர்களும் பெரிய வசதிக்காரர்கள் அல்லர். கடைச் சிப்பந்திகள், ஆசிரியர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், டவுனில் வேலைக்குப் போகும் இளம் குடும்பங்கள்.

இந்தக் கட்டடங்களின் சீமெந்துச் செலவைக் கேட்டால் உரிமையாளர் சதக் கணக்கில் சொல்வார். லைட் பில்லைக் கேட்டால் சொல்லத் தெரியாது. 2022 ஆகஸ்ட் வரை அது பெரிய குறையாகத் தெரியவில்லை. அந்த மாதம் மின்கட்டணத்தைச் சராசரியாக 75 சதவீதம் கூட்டினார்கள். 2023 பெப்ரவரியில் அதன் மேல் இன்னும் 66 சதவீதம். பிறகு 2024 இலும் 2025 ஜனவரியிலும் குறைத்தார்கள். 2025 ஜூனில் மறுபடியும் 15 சதவீதம் கூட்டினார்கள். இப்படி ஏறி இறங்குகிற ஒரு செலவைக் கணக்கில் வைக்காமல் வாடகை வியாபாரம் செய்ய முடியாது.

இப்போது என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்று: “நானா, கூரையில் சோலார் போடப் போறேன். எந்த பேங்கில எடுக்கலாம்?” இந்தக் கேள்வி கடைசியில் கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, உங்கள் கட்டடத்தில் கரண்ட் எங்கே போகிறது, அதற்கு யார் பணம் கட்டுகிறார் என்பது. இது தெரியாமல் எடுக்கும் கடன், சரக்கு எண்ணாமல் கடையை வாங்கியது போலத்தான்.

பதின்மூன்று மீட்டர்

அம்பிட்டியவில் எனக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார். நாலு மாடி, பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மீட்டர், பொதுவுக்கு ஒன்று. பொது மீட்டரில் ஓடுவது இரண்டே விஷயம்: படிக்கட்டு, நடைபாதை வெளிச்சமும், தண்ணீர் மோட்டரும். லிப்ட் கிடையாது.

வெளிச்சத்துக்கு 16 பழைய டியூப் லைட். டியூப் 36 வாட் என்று எழுதியிருந்தாலும் பழைய சோக்கும் சேர்ந்து 45 வாட் இழுக்கும். மஃரிபுக்குப் போட்டால் காலை வரை எரியும், 12 மணித்தியாலம். பெருக்கிப் பாருங்கள்: மாதம் 259 யூனிட். அதே இடத்தில் 18 வாட் எல்.ஈ.டி. டியூப் போட்டால் 104 யூனிட். மாதம் 155 யூனிட் மிச்சம்.

அடுத்தது மோட்டர். பன்னிரண்டு குடும்பத்துக்கு நாளைக்கு 8,000 லீட்டர் தண்ணீரைக் கீழ்த் தாங்கியிலிருந்து கூரைத் தாங்கிக்கு, ஏறக்குறைய 20 மீட்டர் உயரம் ஏற்ற வேண்டும். ஒழுங்கான மோட்டர் இதை மாதம் 44 யூனிட்டில் செய்து முடிக்கும். உள்ளே தேய்ந்துபோன பழைய மோட்டருக்கு இரண்டு மடங்கு, 87 யூனிட் பிடிக்கும். தாங்கி நிறைந்ததும் தானாக நிற்கும் சுவிட்ச் பழுதாகி, மேலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் இன்னும் கூடும். கண்டி மலைப்பகுதியில் இது சாதாரணக் காட்சி. தண்ணீர் பில்லும் லைட் பில்லும் சேர்ந்து வழிந்து ஓடும்.

ஆக பொது மீட்டரில் மாதம் 346 யூனிட். இதை வீட்டுக் கட்டண வகையில் போட்டிருக்கிறார்களா, பொதுத் தேவைக் கட்டண வகையில் போட்டிருக்கிறார்களா என்பதைப் பில்லின் தலைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். விலை அதற்கேற்ப மாறும். கணக்குக்குச் சுலபமாக யூனிட் 35 ரூபாய் என்று வைப்போம். மாதம் 12,110 ரூபாய். வீடொன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்.

16 எல்.ஈ.டி. டியூப்பும் வேலைக் கூலியும் சேர்த்து 30,000 ரூபாய் என்று வையுங்கள். மாத மிச்சம் 5,425 ரூபாய். ஆறு மாதத்துக்குள் போட்ட பணம் திரும்பி வருகிறது. எந்தச் சரக்கில் இப்படி ஒரு லாபம் கிடைக்கிறது என்று வியாபாரிகளே சொல்லட்டும். மோட்டர் அப்படியல்ல. 45,000 ரூபாய் போட்டால் மாதம் 43 யூனிட், அதாவது 1,505 ரூபாய் மிச்சம். பணம் திரும்ப முப்பது மாதம். தனியாகப் பார்த்தால் யாரும் மோட்டரை மாற்றமாட்டார்கள். ஆனால் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டினால் 75,000 ரூபாய் செலவு, மாதம் 6,930 ரூபாய் மிச்சம், பதினோரு மாதத்தில் முதல் கையில். ஓடுகிற சரக்கோடு ஓடாத சரக்கைச் சேர்த்து விற்பது நமக்குப் புதிதா?

ஒரு வார்த்தை: சாமான் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். பெட்டியில் 18 வாட் என்று அச்சடித்து உள்ளே வேறொன்றை வைத்து விற்கும் சரக்கும் சந்தையில் இருக்கிறது. இரண்டு வருட உத்தரவாதம் எழுத்தில் தருகிறவரிடம் வாங்குங்கள். ஆறு மாதத்தில் எரிந்துபோகும் மின்குமிழைப் போட்டு ஆறு மாதத்தில் முதல் திரும்பும் என்று கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை.

வீட்டுக்குள் கணக்கு மாறுகிறது

பொது மீட்டரில் இப்படி லாபமென்றால் வீட்டுக்குள்ளும் அப்படித்தானே என்று நினைப்போம். இல்லை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

நம் நாட்டில் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. கீழ்ப்படி யூனிட்டுக்கும் 180 ஐத் தாண்டிய யூனிட்டுக்கும் விலை பல மடங்கு வித்தியாசம். அதிலும் 60 யூனிட் ஒரு பெரிய வாசல். மாதம் 60 க்குள் நின்றால் ஒரு விலை. தாண்டினால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறுகிறது. நிலையான கட்டணமும் ஏறுகிறது.

கண்டியில் ஏர் கண்டிஷன் ஒரு பிரச்சினை அல்ல. ஹீட்டர்தான் பிரச்சினை. மார்கழி, தை மாதங்களில் சுபஹுக்கு எழும்பிப் பச்சைத் தண்ணீரில் குளிக்க யாருக்கு மனம் வரும்? 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டரில் நாலு பேர் தலைக்குப் பத்து நிமிடம் குளித்தால் நாளைக்கு 2.3 யூனிட், மாதம் 70 யூனிட். வேறு ஒன்றும் போடாவிட்டாலும் ஹீட்டர் ஒன்றே அந்தக் குடும்பத்தை 60 வாசலுக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

சரி, கூரையில் சூரிய வெந்நீர்த் தாங்கி வைத்துவிடலாமா? மாதம் 120, 130 யூனிட் பாவிக்கும் ஒரு குடும்பத்தில் அதனால் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொண்டாலும், பத்து வருடத்தில் 1,20,000 ரூபாய். தாங்கியின் விலையும், குழாய் வேலையும், தவணையின் லாபப் பங்கும் அதைத் தாண்டினால் கணக்கு உடைந்தது. குறைந்த வருமானக்காரருக்குக் கரண்டை மலிவாகக் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் அந்த மலிவே அவர் மிச்சம் பிடிக்கும் யூனிட்டின் பெறுமதியையும் குறைத்துவிடுகிறது. அவருக்குப் பெரிய சாமானைக் கடனில் விற்பவர், மிச்சத்திலிருந்து தவணை கட்டலாம் என்று சொன்னால் நம்ப வேண்டாம். மாதம் 180 யூனிட்டைத் தாண்டுகிறவருக்கு அது சரிவரலாம். மற்றவர்களுக்குச் செலவில்லாத வழி இருக்கிறது. பத்து நிமிடத்தை ஆறு நிமிடமாக்கினால் 70 யூனிட் 42 ஆகிவிடும்.

பழைய மின்விசிறி 75 வாட், புதிய பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட் அளவு. எட்டு மணித்தியாலம் ஓடினால் மாதம் 11 யூனிட் மிச்சம். கொழும்பில் இது பெரிது. அம்பிட்டியவில் வருடத்தில் பாதி நாள் மின்விசிறியே போடுவதில்லை.

வேறொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சில கட்டடங்களில் மூன்று நாலு வீட்டுக்கும் ஒரே மீட்டர். உரிமையாளர் உள்ளே சின்ன மீட்டர் வைத்துப் பணம் பிரிப்பார். மூன்று வீடு, வீட்டுக்கு 80 யூனிட் என்றால் மொத்தம் 240. பில் 180 ஐத் தாண்டி மேல்படி விலையில் வரும். தனித்தனி மீட்டராக இருந்தால் ஒவ்வொருவரும் 80 யூனிட்டுக்குரிய விலையைத்தான் கட்டுவார்கள். உள்ளூராட்சி சபையில் வீடுகளுக்குத் தனி இலக்கம் எடுத்து, வயரிங்கைப் பிரித்து, தனி இணைப்பு எடுப்பது ஒரு தடவைச் செலவு. ஒரு மின்குமிழ்கூட மாற்றாமல் குடியிருப்பவரின் பில் இறங்கும். ஒரே மீட்டரில் வைத்து, பில்லில் வந்ததைவிடக் கூடுதலாக யூனிட்டுக்கு அறவிடும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். அது ஹலாலான வருமானமா என்று அவர்கள் தங்கள் பள்ளி ஹஸரத்திடம் கேட்டுக்கொள்ளட்டும்.

யார் கை போடுவது?

சாமானும் இருக்கிறது, லாபமும் இருக்கிறது. பிறகு ஏன் யாரும் மாற்றுவதில்லை? பணம் போடுகிறவர் ஒருவர், பலன் பெறுகிறவர் இன்னொருவர் என்பதால்தான். பொதுப் பில்லைக் குடியிருப்பவர்கள் பிரித்துக் கட்டினால், உரிமையாளருக்கு டியூப் லைட்டை மாற்ற அவசியமில்லை. குடியிருப்பவரோ, அடுத்த வருடம் வீடு மாறிப்போகிறவர், மற்றவருடைய சுவரில் ஏன் தன் பணத்தை மாட்ட வேண்டும்? இந்த முடிச்சு உலகம் முழுக்க இருக்கிறது. பெரிய நாடுகளும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன.

பிரித்தானியாவில் 2013 ஜனவரியில் கிரீன் டீல் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். வீட்டைச் சீர்செய்யக் கடன், தவணை லைட் பில்லோடு சேர்ந்து வரும், வீடு கைமாறினால் புதிதாக வருகிறவர் தவணையைத் தொடர்வார். தவணை மிச்சத்தைத் தாண்டக்கூடாது என்பது அதன் தங்க விதி. கேட்க அருமையாக இருந்தது. ஆனால் வட்டி ஏழு முதல் பத்து சதவீதம் வரை போனது. அதைவிட மலிவாக வேறு இடத்தில் கடன் கிடைத்தது. இலட்சக்கணக்கில் வீடுகளை எதிர்பார்த்தவர்களுக்கு ஏறக்குறைய 14,000 வீடுகள்தான் கிடைத்தன. 2015 ஜூலையில் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இந்தியாவில் வேறு மாதிரிச் செய்தார்கள். 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் அரசின் ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் எல்.ஈ.டி. மின்குமிழ்களைக் கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியது. 2014 இல் 310 இந்திய ரூபாய்க்கு வாங்கிய மின்குமிழ், 2016 இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. பல மாநிலங்களில் வாடிக்கையாளர் கையில் பத்து ரூபாய் கொடுத்தால் போதும், மீதியை மாதம் பத்து ரூபாயாக லைட் பில்லில் கழித்தார்கள். 36 கோடிக்கு மேல் மின்குமிழ்கள் போயின. ஒரு திட்டம் கடனை விற்கப் பார்த்தது, மற்றது சரக்கின் விலையை உடைத்தது. மொத்த வியாபாரம் தெரிந்தவருக்கு எது ஓடும் என்று சொல்லத் தேவையில்லை. அம்பிட்டியப் பாதையில் உள்ள பத்து உரிமையாளர்கள் சேர்ந்து ஒரே நாளில் 160 டியூப்புக்கு விலை கேட்டால், அது தனியாக 16 கேட்டவருக்குக் கிடைக்கும் விலையாக இருக்காது.

நம் நாட்டிலும் பழைய பாடம் ஒன்று உண்டு. உலக வங்கியின் பணத்தில் 2002 இல் தொடங்கி 2011 வரை நடந்த கிராமிய மின்சாரத் திட்டத்தை, ரெரெட் என்பார்கள், டி.எப்.சி.சி. வங்கியின் ஒரு பிரிவு நிர்வகித்தது. கரண்ட் போகாத கிராமங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சின்ன சோலார் தொகுதிகள் தவணையில் போயின. சர்வோதயத்தின் சீட்ஸ் போன்ற அமைப்புகள் கிராமத்துக்கே போய்க் கடன் கொடுத்தன. பிறகு பெரிய லைன் கரண்ட் அந்தக் கிராமங்களுக்கு வந்தது. வீட்டில் சோலார் சும்மா கிடக்க, தவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் யார் மனமுவந்து கட்டுவார்? பல இடங்களில் அறவிடுவது கஷ்டமாகிப்போனது. சாமான் எத்தனை காலம் பிரயோசனப்படுமோ அதைவிடத் தவணைக் காலம் குறைவாக இருக்க வேண்டும் என்பதை நான் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி நம் ஹாஜியாரின் கட்டடத்துக்கு. அங்கே வழி இலேசு. 75,000 ரூபாயை உரிமையாளர் போடுகிறார். பொதுச் செலவாக வீடொன்றுக்கு வாங்கும் ஆயிரம் ரூபாயை உடனே குறைப்பதில்லை. முதல் திரும்பும் வரை, பதினோரு மாதம், அப்படியே வாங்குகிறார். பிறகு 450 ரூபாயாகக் குறைக்கிறார். குடியிருப்பவர் ஒரு சதமும் கூடுதலாகக் கட்டவில்லை. இதை முதலிலேயே எல்லோரையும் கூப்பிட்டு, பில்லையும் சாமான் ரசீதையும் காட்டிச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மிச்சத்தைப் பையில் போட்டால் அது வேறு கதை. இன்னொரு வழி, பன்னிரண்டு வீடும் வீட்டுக்கு 6,250 ரூபாய் போடுவது. நம் பெண்கள் மாதாமாதம் பிடிக்கிற குலுக்கல் சீட்டைவிடச் சின்னத் தொகை. இடையில் வீடு மாறிப்போகிறவருக்கு அவர் போட்டதில் மீதியைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு இருந்தால் போதும். 75,000 ரூபாய்க்கு வங்கியின் வாசலுக்குப் போவது வீண் அலைச்சல்.

வங்கிக்குப் போவதென்றால்

முழுக் கட்டடத்துக்கும் வயரிங் மாற்றுவது, கூரை வேலை, சோலார் என்று லட்சங்களுக்குப் போகும்போதுதான் வங்கி. வட்டியில்லாமல் செய்ய வழியில்லையே என்று ஒரு காலத்தில் சொன்னோம். 2005 இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தியபின் அந்தச் சாக்கு இல்லை. 2011 இல் அமானா வங்கி முழு இஸ்லாமிய வங்கியாகத் தொடங்கியது. மற்ற வங்கிகளிலும், லீசிங் கம்பனிகளிலும் தனிப் பிரிவுகள் வந்தன.

பத்வா சொல்ல நான் ஆலிம் அல்ல. வியாபாரியாக எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். முராபஹாவில் வங்கி சாமானைத் தானே வாங்கி, அடக்க விலை இவ்வளவு, லாபம் இவ்வளவு என்று சொல்லி நமக்குத் தவணையில் விற்கிறது. விலை நடுவில் ஏறாது. லைட் கட்டணம் ஏறி இறங்கும் நாட்டில், தவணையாவது நிற்கிற இடத்தில் நிற்பது பெரிய ஆறுதல். மோட்டர், வெந்நீர்த் தாங்கி போன்ற தனிச் சாமான்களுக்கு இது பொருந்தும். இஜாராவில் சாமான் வங்கியுடையது, நாம் வாடகைக்கு எடுக்கிறோம். சோலார் தொகுதிக்கு இது பொருந்தும். ஆனால் பெரிய பழுது வந்தால் யார் செலவு, தகாபுல் காப்புறுதி யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் வாசித்துப் பாருங்கள். உரிமையாளர் வங்கி என்று சொல்லிக்கொண்டு எல்லாச் சுமையையும் நம்மிடம் தள்ளும் பத்திரங்களும் உண்டு. கட்டடத்தையே பெருப்பிப்பதென்றால், வங்கியும் நாமும் பங்காளிகளாகி நாம் மெதுவாக அதன் பங்கை வாங்கிக்கொள்ளும் குறைந்துசெல்லும் முஷாரகா இருக்கிறது.

எந்தப் பெயரில் வந்தாலும் மொத்தத் தொகையைக் கேளுங்கள். “வருடத்துக்கு பத்து சதவீதம்தான்” என்று ஒரு அதிகாரி சிரித்துக்கொண்டு சொல்வார். 5 லட்சத்துக்கு ஐந்து வருடம், மாதம் 12,500 ரூபாய் என்றால் கட்டும் மொத்தம் 7,50,000. முதல் மாதத்திலிருந்தே முதலும் குறைந்துகொண்டு வருவதைக் கணக்கில் எடுத்தால், சாதாரண வங்கிக் கடனின் பாஷையில் இது 17 சதவீதத்துக்கு மேல். இரண்டு இடத்து விலையை ஒப்பிடும்போது ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். முன்கூட்டி முழுதும் கட்டினால் லாபத்தில் எவ்வளவு விட்டுத்தருவார்கள் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தனி உரிமையாளருக்கு இவ்வளவுதான். வீடுகளைத் தனித்தனியாக விற்ற கட்டடமென்றால் பாடு வேறு. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்படி படிக்கட்டு, கூரை, தாங்கி எல்லாம் எல்லா உரிமையாளருக்கும் பொது. அவற்றை நடத்துவது முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். அதற்கு மேலே கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை. கூட்டுத்தாபனம் வங்கிக்குப் போனால் வங்கி முதலில் கேட்பது, “ஈடு என்ன?” படிக்கட்டை ஈடு வைக்க முடியாது. சுவரில் பூட்டிய டியூப்பைக் கழற்றிக்கொண்டு போய் வங்கி என்ன செய்யும்? கொழும்பில் அரசு கட்டிய தொடர்மாடிகளில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே பல குடும்பங்களின் கையில் இன்னும் உறுதியே இல்லை. உறுதி இல்லாத இடத்தில் ஈடும் இல்லை. லிப்ட்டும் மோட்டரும் ஓடும் அந்த உயரக் கட்டடங்களில்தான் பொது மீட்டரில் மிச்சம் பிடிக்க அதிக இடம் இருக்கிறது, அங்கேதான் பணம் போகமாட்டேன் என்கிறது. மாதாந்தப் பராமரிப்புப் பணத்தை ஒழுங்காகச் சேர்த்து, இரண்டு வருடக் கணக்கைக் காட்டக்கூடிய கூட்டுத்தாபனத்துக்கு, அந்த வரவையே பார்த்து சாமான் விற்பவர் தவணை கொடுக்கலாம். வங்கியை விட அவருக்குத்தான் கட்டடத்தைத் தெரியும்.

இதைத் தொடங்க இலகுவான இடம் வக்பு சொத்துகள் என்பது என் எண்ணம். பல பள்ளிவாசல்களுக்கு வாடகை வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. உரிமை ஒரே கையில், கணக்கு வக்பு சபைக்குக் காட்ட வேண்டியது, ஆகவே எழுத்தில் இருக்கும். நம்பிக்கையாளர் சபையில் ஒரு வியாபாரியும் ஒரு மின்சார பாஸும் சேர்ந்தால் ஒரு சனிக்கிழமையில் முழுக் கட்டடத்தையும் எண்ணி முடித்துவிடலாம்.

சோலாரைப் பற்றி

சோலாருக்கு நான் எதிரி அல்ல. 2016 இல் சூரிய பல சங்கிராமய என்று தொடங்கியபோது, நெட் அக்கவுண்டிங் முறையில் மேலதிக யூனிட்டுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபாய், அடுத்த பதின்மூன்று வருடம் 15.50 ரூபாய் என்று ஒப்பந்தம் கொடுத்தார்கள். அப்போது போட்டவர்கள் பலர் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் புதிதாக வருகிறவருக்கு அந்த விலை இல்லை. பிறகு விலை கூடியது, 2025 இல் புதியவர்களுக்குக் குறைத்தார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுதும் கரண்ட் போனது. அந்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்குக் கூரை சோலார்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கும் சட்டமும் 2024 இல் வந்தது. ஆகவே நண்பர் 2017 இல் போட்ட கணக்கைப் பார்த்து இன்று தவணையில் கையெழுத்து வைக்க வேண்டாம். இன்றைய விலையைக் கேளுங்கள்.

அம்பிட்டியவுக்கென்று தனியாக ஒன்று: மலைச்சரிவில் கூரை எந்தப் பக்கம் பார்க்கிறது, பக்கத்து மேட்டின் நிழல் எத்தனை மணிக்கு விழுகிறது, பிற்பகலில் முகில் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஒரே அளவு சோலார் இரண்டு வீட்டில் இரண்டு மாதிரி உழைக்கும். நல்ல வெயில் கூரையில் ஒரு கிலோவாட் மாதம் 100 முதல் 120 யூனிட் தரும். அம்பிட்டியவில் எல்லாக் கூரைக்கும் அது கிடைக்காது. தொடர்மாடியில் இன்னொரு சிக்கல்: கூரை ஒன்று, மீட்டர் பதின்மூன்று. பொது மீட்டரோடு இணைப்பதுதான் சண்டை வராத வழி. அந்தப் பொது மீட்டர் 346 யூனிட் ஓடும்போது போட்டால் மூன்றரைக் கிலோவாட் தேவை. டியூப்பையும் மோட்டரையும் மாற்றி 148 க்கு இறக்கிய பிறகு போட்டால் ஒன்றரைக் கிலோவாட் போதும். விலை பாதிக்கும் கீழே.

மிச்சத்தைப் பங்குபோடும் ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும், உரிமையாளரும் குடியிருப்பவரும் என்றாலும் சரி, சாமான் விற்பவரும் கட்டடமும் என்றாலும் சரி, வேலை தொடங்குவதற்கு முந்திய ஆறு மாதப் பில்களின் பிரதியை அதோடு இணைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த நாளன்று மீட்டர் இலக்கத்தை இரண்டு பேரும் பார்த்து எழுதிக் கையெழுத்து வையுங்கள். மிச்சத்தை ரூபாயில் அல்ல, யூனிட்டில் அளக்க வேண்டும் என்று எழுதுங்கள். கட்டணம் ஏறினாலும் இறங்கினாலும் தகராறு வராது. எரிந்துபோகும் டியூப்பை யார் மாற்றுவது, எத்தனை நாளைக்குள் என்பதையும் அதே தாளில் போட்டுவிடுங்கள்.